கழிவு

இரும்புக்கடையில் எனக்கு நாளுக்கு இரண்டாயிரம்.
அம்மாவைப் பார்க்கிற செல்வரதிக்கு
இரண்டாயிரத்து ஐந்நூறு, மத்தியானச் சாப்பாடு.
வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளும்
நான் ஐந்நூறு ரூபாய் குறைந்து வீடு வருகிறேன்.
"அப்ப வீட்டில நிண்டுவிடன்" என்கிறார் முதலாளி,
கணக்குத் தெரிந்த மனிதர்.
நிற்கலாம்.
ஆனால் கடையில் எட்டு மணித்தியாலம்
துருவும் பெயின்ற்றும் மட்டுமே மணக்கும்.
அதற்குத்தான் அந்த ஐந்நூறு.
இதை அவருக்குச் சொன்னதில்லை.

பேர்கனில் தங்கச்சி வதனி
யாரோ ஒரு வெள்ளைக் கிழவியைக் குளிப்பாட்டுகிறாள்.
அந்தக் காசில் ஒரு துண்டு
மாதம் பிறந்து ஆறாம் நாளோ பதினோராம் நாளோ வரும்.
அதில் ஒரு துண்டு விசுவமடுவுக்குப் போகும்,
செல்வரதியின் தாய்க்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கும்
பக்கத்து வீட்டுப் பெட்டைக்கு.
அந்தப் பெட்டைக்கும் ஒரு தாய் இருப்பாள்.
அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

போன வருசம் ஓர் இல்லத்துக்குப் போய்ப் படிவம் வாங்கினேன்.
ஏழாவது கேள்வி:
பராமரிக்கக்கூடிய பிள்ளைகள் உளரா? ஆம் / இல்லை.
பொருந்தாததை வெட்டிவிடவும்.
பிறிட்ஜின் மேல், கரண்ட் பில்களோடு
இன்னும் கிடக்கிறது,
ஏழாவது மட்டும் வெட்டுப்படாமல்.

பத்துப் பம்பஸ் இரண்டாயிரத்து நானூறு.
நனையாத இரவென்றால் இருநூற்று நாற்பது மிச்சம்.
அதற்காகப் பின்னேரத் தண்ணியை
அரைக் கிளாசாகக் குறைத்தேன்.
மூன்றாம் கிழமை சலத்தில் கிருமி.
மருந்து நாலாயிரத்து நூறு.
மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்கு.
பார்மசிக்காரன் சில்லறை இல்லையென்று
நூறு ரூபாய்க்கு ரொபி தந்தான்.

அம்மா ஒருகாலம்
கோண்டாவில் முழுவதற்கும் சீட்டுப் பிடித்தவ.
இடம்பெயர்ந்த மாதத்திலும்
சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வேம்படியில்
இருபது பேரில் பதினாறு பேரைத் தேடிப் பிடித்து
ஏலம் கூறினவ.
இப்போது என்னைப் பார்த்து,
"தம்பி, நீர் ஆற்ற பெடியன்?"
சில நாள் நான் தபால்காரன்.
சில நாள் அப்பா.
அந்த நாட்களில் உடுப்பு மாற்றுவது சுகம்,
கூச்சப்படாமல் கிடப்பா.

முதுகில் புண் பிடித்துவிட்டது.
காற்று மெத்தை வேண்டும் என்றாள் நர்ஸ்.
கடைப் பெடியளின் சீட்டில் நானும் ஓர் ஆள்,
இருபது பேர், மாதம் பத்தாயிரம்.
நேற்றிரவு ஏலம்.
போனை லவுட்ஸ்பீக்கரில் போட்டு யன்னலில் வைத்துவிட்டு
அம்மாவைச் சரித்துப் பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
முப்பது என்றான் ஒருவன். முப்பத்தொன்று.
நான் "நாப்பத்திரண்டு" என்றேன்.
போனில் ஒருவரும் பேசவில்லை.

கட்டிலில் இருந்து குரல் வந்தது. பழைய குரல்,
கொடுப்புக்குள் வெத்திலை கிடக்கிற மாதிரி:
"நாப்பத்திரண்டு கழிவோ? அஞ்சாம் மாசத்திலயோ?
ஆரப்பா அந்த விசரன்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அவன்ர வீட்டில ஆருக்கோ வருத்தம்.
போய் விசாரிச்சுப்போட்டுக் குடுங்கோ."

"விசாரிச்சாச்சு," என்றேன். "தாய்க்கு."

சுவரைப் பார்த்தபடி விரல்களால் எதையோ எண்ணினா.
"அப்ப பத்தைக் கழிச்சுப்போட்டுக் குடு.
மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்.
அவனுக்குச் சொல்லிப்போடாத."

"நாப்பத்திரண்டு, ஒருதரம்," என்றது போன்.
"ரெண்டுதரம்."

பம்பஸின் ஒட்டுப்பட்டி பிடிக்கவில்லை,
என் கை ஈரம்.
அதை எறிந்துவிட்டு
இன்னொன்றைப் பிரித்தேன்.