ஏப்ரல் கற்கள்

ஓவுலுவில் ஏப்ரல் என்றால் இதுதான்:
பனி போய்விடும்.
பனியில் வழுக்காதிருக்க நகராட்சி தூவிய கல்
போகாது.
ஐந்து மாதம் எங்கள் இடுப்பெலும்பைக் காத்த சல்லி
இப்போது வெறும் தார்மேல் பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது.
கூட்டும் வண்டி எங்கள் பக்கம் வர
மே ஆகும்.

திங்கள். ஏழே கால்.
ஆல்மாவுக்கு எட்டு மணிக்கு இன்சுலின்.
பாலத்து இறக்கத்தில் பின்சக்கரம் குழைந்தது,
பிறகு ரிம்
கற்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கியது.
இறங்கித் தள்ளினேன்.
போய்ச் சேர்ந்தபோது எட்டு இருபது.
ரொட்டியைத் தொடாமல் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

இரவு குளியலறையில்
வாளித் தண்ணீரில் டியூப்பை முக்கி
முழம் முழமாக அழுத்திப் பார்த்தேன்.
ஒரு குமிழி. இன்னொன்று. பிறகு வரிசையாய்.
பேனாவால் ஒரு வட்டம், உப்புத்தாள், பசை.
பசை காயும்வரை பொறுக்கவும் என்று டப்பாவில் போட்டிருந்தது.
பொறுத்தேன், முக்கால்வாசி.

பம்பு வெய்க்கோவினுடையது.
பிப்ரவரியில் கயானிக்குப் போனபோது
காப்பி மெஷினை எடுத்துக்கொண்டான், இதை விட்டுவிட்டான்.
அளவு காட்டும் முள் உடைந்து வெகுநாள் ஆகிறது.
கட்டைவிரலால் டயரை அமுக்கி
"கல்லு மாதிரி இருக்கு, போ" என்பான்.
பதினோரு வருடம்
கல்லு மாதிரிதான் போய்க்கொண்டிருந்தேன்.

புதன் மறுபடி தரையோடு தரை.
ஒட்டுப் போட்ட இடம் அப்படியே இருந்தது;
ஒரு விரல் தள்ளிப் புது ஓட்டை.
டியூப் செய்தவனைத் திட்டினேன், நகராட்சியைத் திட்டினேன்,
காரணம் தேவைப்படாத ஒருவனையும் திட்டினேன்.
ஒட்டினேன்.
வெள்ளிக்கிழமை மறுபடி.

சைக்கிள் கொட்டகையில் வர்சாமே
இரவு வேலை முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தான்.
தன் பையிலிருந்து காற்றுமானியை எடுத்து நீட்டி,
"திங்கட்கிழமை திருப்பித் தா" என்றான்.
அவ்வளவுதான் பேச்சு.

அன்று டயரையும் முழுசாகக் கழற்றினேன்.
கம்பெனிப் பெயருக்கு நேரே வால்வு இருந்தது நினைவில் இருந்தது.
டியூப்பை ஊதி அதே வாக்கில் டயரின் பக்கத்தில் வைத்தால்
மூன்று வட்டமும்
ஒரே கையளவுக்குள்.
மூன்று இரவு டியூப்பைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.
டயரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உள்பக்கம் விரலை ஓட்டினேன், மெதுவாக.
குத்தியது.
துவரம்பருப்பு அளவுகூட இல்லை, சாம்பல் நிறம்,
வெளியே தடம் தெரியாமல் ரப்பருக்குள் புதைந்து
முனையை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டு.
ஊசியால் நெம்பி எடுத்தேன்.
விரலில் ஒரு சொட்டு ரத்தம்;
நாள் முழுக்க மற்றவர் விரலில் நான் எடுப்பது.

டயரின் கன்னத்தில் புடைத்த எழுத்தைப் படிக்க
மண்டி போட வேண்டியிருந்தது.
மூன்றரையிலிருந்து ஐந்தரை பார்.
இத்தனை வருடம் அங்கேயே எழுதியிருந்திருக்கிறது.
என் எடை, மருந்துப் பை, குழந்தை இல்லாத பின்னிருக்கை:
நாலு போதும் என்று முடிவு செய்தேன்.

நடைவழியின் கதகதப்பில் நாலு.
வாசலுக்கு வெளியே மைனஸ் ஐந்தில்
அதே காற்று, மூன்றரைக்குச் சற்று மேல்.
ஒரு துளியும் எங்கும் போகவில்லை,
குளிருக்கு ஒடுங்கிக்கொண்டது, அவ்வளவே.
இன்னும் ஆறேழு இழுப்பு இழுத்தேன்,
வெளியில் நின்றபடியே.

திங்கள். பாலத்து இறக்கத்தில் சல்லி
சக்கரத்தடியில் பொரிந்தது, தெறித்தது,
விளிம்புக்குப் போனது.
ஏழு ஐம்பத்திரண்டுக்கு மணி அடித்தேன்.
ஆல்மா கதவைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
"இன்னும் ரொட்டியே வெட்டவில்லை" என்றாள்,
குறையாக.