ஹேவ், ஹேஸ், ஹேட்

சோழிங்கநல்லூர் சிக்னலுக்குப் பின்னால்
ஜெராக்ஸ் கடை மாடி.
ஏழரை மணி வகுப்புக்கு
ஏழே முக்காலுக்கு வருவார்கள்.
தேசம்மாளின் விரல்களில் பினாயில் வாசம்.
திகம்பர் நாயக்கின் சட்டைப்பையில் காவலாளி விசில்.
இம்தியாஸ் ஹெல்மெட்டோடு உட்கார்வான்,
எந்த நேரமும் ஆர்டர் விழலாம் என்பதுபோல.

இன்றைக்கு ஹேவ்.
வெள்ளைப் பலகையில்
மை தீரப்போகும் பேனாவால்
'என்னிடம் இருக்கிறது' என்று எழுதினேன்.
அடித்தேன்.
'எனக்கு உண்டு.'
அதையும் அடித்தேன்.
எப்படிச் சொல்வது,
நம் பேச்சில் யாரும் எதையும் ஹேவ் செய்வதில்லை.
பொருள் அதுபாட்டுக்கு இருக்கிறது,
நாம் ஒரு நான்காம் வேற்றுமையைக் கையில் பிடித்துக்கொண்டு
பக்கத்தில் நிற்கிறோம்.

இங்கிலீஷுக்கு அப்படியில்லை.
காய்ச்சலை ஹேவ் செய்யும்,
காலை டிபனை, சந்தேகத்தை,
மீட்டிங்கை, மாமியாரை.
"அப்ப டைம் இல்லன்னாலும்
ஹேவ் பண்ணலன்னுதான் சொல்லணுமா மிஸ்?"
ஆமாம் இம்தியாஸ்.
"பத்து நிமிஷ டெலிவரிக்கு அதான் கரெக்ட்டு."

திகம்பர் நோட்டைப் பார்த்தபடியே,
"எங்க பாஷையும் அப்படித்தான் மேடம்.
மோர அச்சி.
என்னோடது... இருக்கு. அவ்ளோதான்."
அதைத் தமிழில் அவர் சொல்லி முடிப்பதற்குள்
கீழே சிக்னல் இரண்டு முறை விழுந்துவிட்டது.
ஒடியாவும் தமிழும் ஒரு பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து
எதிரே நிற்கும் என்னைப் பார்த்தன.

சரி, ஆளுக்கொரு வாக்கியம்.
ஐ ஹேவ் எ பைக், என்றான் இம்தியாஸ்.
தவணை இன்னும் பதினாலு மாசம் பாக்கி,
பரவாயில்லையா?
பரவாயில்லை, இலக்கணம் ஆர்.சி. புக் கேட்காது.
ஐ ஹேவ் டூ டாட்டர்ஸ், என்றார் திகம்பர்.
இருவரும் கஞ்சாமில்.
ஹேவ் என்றால் கூட இருக்கவேண்டுமா
என்று அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

தேசம்மாள் வெகுநேரம் பேசவில்லை.
"வீடு சொல்லலாமா மிஸ்?"
தாராளமாக.
"பெரும்பாக்கத்துல ஏழாவது மாடி.
ஆனா அது அவங்க குடுத்தது.
நம்மளுது ஆத்தோரம் இருந்துச்சு,
இடிச்சிட்டாங்க."
அதற்கு ஹேட், என்றேன்,
வாத்தியார் குரலில், கொஞ்சம் அவசரமாக.
இருந்தது, இப்போது இல்லை. ஹேட்.

அவருக்கு இங்கிலீஷ் எழுத்து இன்னும் கைவரவில்லை,
சத்தத்தைத் தமிழில் எழுதிக்கொள்வார்.
ஐ ஹேட் எ ஹவுஸ்.
குனிந்து பார்த்தேன்.
முந்தின பக்கத்தில், சென்ற வாரம்
பிடித்தது பிடிக்காதது நடத்தியபோது எழுதியது:
ஐ ஹேட் லிப்ட்.
நடுவில் ஒரு 'தி' விட்டுப்போயிருந்தது.
அதுவல்ல விஷயம்.
இரண்டும் ஒரே எழுத்து.
இருந்ததும் வெறுப்பதும்
ஒரே ஏகாரம், ஒரே புள்ளி வைத்த ட.

கடைசி ஒலியை மெதுவாக விடணும்,
நாக்கு லேசாகத் தொட்டால் போதும், என்றேன்.
சொல்லிப் பார்த்தார்.
முதல் முறை வெறுப்பு.
இரண்டாவதும் வெறுப்பு.
மூன்றாவது முறை வந்தது எது என்று
எனக்கே பிடிபடவில்லை,
டிக் போட்டேன்.

வெள்ளிக்கிழமை சூபர்வைசர் இன்டர்வியூ.
என்ன கேட்பார்கள் என்று தெரியும்,
போன தடவை பயந்து கழிவறைப் பக்கம் போய்விட்டாராம்.
நான் மேனேஜர் ஆனேன், காலைக்கூட மடித்துப் போட்டுக்கொண்டேன்.
டூ யூ ஹேவ் எக்ஸ்பீரியன்ஸ்?
"எஸ் சார். ஐ ஹேவ்."
மாடியே அதிர்ந்தது.
ஹவ் மெனி இயர்ஸ்?
"பதினாறு," என்றார்,
இங்கிலீஷ் நம்பர் மறந்துபோய்,
அதே குரலில்.