தகட்டின் தடிமன்

துவாஸில் என் வேலை
கப்பலின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது.
கொஞ்சம் பசை, ஒரு கருவி, ஓர் எண்.
பன்னிரண்டு மில்லிமீட்டராய்ப் பிறந்த தகடு
இன்று ஒன்பது புள்ளி நான்கு.
மீதியைக் கடல் தின்றிருக்கிறது.
சாக்கட்டியால் எழுதிவிட்டு நகர்வேன்.

இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்று
சேர்ந்த புதிதில் சிரித்தார் ஃபோர்மன் சின்னமணி.
பதினாறு வருஷம்.
அவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஈ இருக்கிறது.

போன மார்ச்சில் கேன்டீனுக்குப் பக்கத்தில்
இரத்த தான முகாம்.
ஆ செங் போனான், நானும் போனேன்.
விரல்நுனியில் ஒரு குத்து.
பதினொன்று புள்ளி ஒன்று, என்றாள் நூர்ஹயாத்தி,
பன்னிரண்டரை வேண்டும் அக்கா.
மைலோ பாக்கெட்டை மட்டும் கொடுத்தனுப்பினாள்.

சுற்றிலும் நாற்பதாயிரம் டன் இரும்பு.
எனக்குள்
ஓர் ஆணி அடிக்கக்கூடக் காணாது.

அன்று மதியம் யாரும் பார்க்காதபோது
மணிக்கட்டில் பசை தடவிக்
கருவியை வைத்துப் பார்த்தேன்.
திரையில் இரண்டு கோடுகள்.
எண் வரவில்லை.

ஆ செங்குக்குத்தான் கவலை.
பன்றி ஈரல் சூப், ஒரே மாசம், நான் வாங்கித் தரேன்.
நான் சைவம் என்றேன்.
சரி, நீ சூப்பைக் குடி, ஈரலை நான் சாப்பிடறேன்.
இத்தனை அன்பாக என்னை யாரும்
பாவம் செய்யச் சொன்னதில்லை.

பலதுறை மருந்தகத்தில் டாக்டர் கேட்டார்,
கீரை சாப்பிடுவதில்லையா?
சாப்பிடுகிறேன்.
பருப்பு, பயறு?
தினமும்.
தே எப்போது குடிப்பீர்கள்?
சாப்பிட்ட கையோடு, என்றேன்.
அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

அப்படியானால் இத்தனை வருஷமும்
வாசல்வரை வந்த கீரையை
வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லி
திருப்பி அனுப்பியிருக்கிறது தேயிலை,
அதுவும் கெட்டிப்பால் இனிப்போடு,
மரியாதையாக.

மாத்திரை கொடுத்தார். வயிறு கோபித்துக்கொண்டது.
பாதி அளவு கொடுத்தார். முறைத்துக்கொண்டே ஏற்றது.

ஒட்டாத தவாவைக்
குப்பைக் குழாயில் போட்டேன்.
ஏழு மாடி விழுந்த சத்தம் நன்றாக இருந்தது.
சிராங்கூன் சாலையில் வாங்கிய இரும்புக் கல்லோ
எம்ஆர்டியில் மடியை அழுத்திக்கொண்டே வந்தது.
முதல் வாரம் தோசை துண்டு துண்டாய்.
கணவர் ஒன்றும் சொல்லவில்லை,
துண்டுகளைத் தட்டில் பொருத்திப் பார்த்தார்.
இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு கறுத்தது.
வேலையில் துருவைக் கண்டால் அறிக்கை எழுதுகிறவள்
வீட்டில் அதை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு
சோற்றில் பிசைகிறேன்.

கொள்ளை முதல் நாளே ஊறப்போட்டு
முளை வெள்ளையாய் எட்டிப் பார்க்கும்வரை காத்திருப்பது,
பாயம் கீரைக்கு மேல் லிமாவ் பிழிவது,
மத்தியானம் நாலு துண்டு கொய்யா.
புளிப்புப் பொடி வேண்டுமா என்று பழக்கடைக்காரர்
கேட்பதை நிறுத்திவிட்டார்.
அவரே தூவுகிறார்.

செப்டம்பரில் மறுபடி முகாம்.
அதே குத்து, அதே நூர்ஹயாத்தி.
பன்னிரண்டு புள்ளி மூன்று.
இன்னும் கொஞ்சம்தான் அக்கா, என்றாள்,
அவள் ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல.
மறுபடி மைலோ.

நூலிழையில் குறையும் தகட்டுக்கென்று
எங்களிடம் ஒரு வாசகம் உண்டு.
மாற்ற வேண்டாம். மீண்டும் அளக்கவும்.

ஆ செங் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்து
எதிரில் உட்கார்ந்தான்.
அவனுக்கு முன்னால் ஆவி பறக்கும் தே.
மணி ஒன்று இருபது.
என்னுடையது
இன்னும் நாற்பது நிமிஷத் தூரத்தில்.