கோபுரத்தின் எடை

சிங்கப்பூரில் கிராமில் கேட்கிறார்கள்.
மாவுப் பொட்டலத்தில் அச்சடித்தாக வேண்டும்.

கழனிவாசல் கடை மேசையில்
புதுத் தராசு, சிவப்பு எண்கள்.
பச்சரிசி ஓர் உழக்கு, தலைதட்டி:
இருநூற்றுப் பத்து.
எழுதிக்கொண்டேன்.

அரிசிக்கு மேல் உளுந்து.
எவ்வளவு?
"கோபுரமா வைப்பேன்,
சரியிறதுக்கு முந்தி நிப்பாட்டிருவேன்."
வெள்ளைப் பணியாரத்துக்கு
அடைக்கம்மையின் கணக்கு அவ்வளவுதான்.

முதல் கோபுரம் முப்பத்தேழு.
அடுத்தது நாற்பத்தொன்று.
மூன்றாவதைக் குவிக்கும்போது
வட்டிக்கடையிலிருந்து போன்.
எடுக்கவில்லை, அடிக்கட்டும் என்று விட்டாள்.
இருபத்தொன்பது.

"இதையும் சேக்கணுமா?"
சேர்த்தேன்.
கூட்டி வகுத்து, தசமத்தை விழுங்கி
முப்பத்தாறு என்று அச்சுக்கு அனுப்பினேன்.
அந்த எடையில்
அவள் ஒருமுறைகூட வைக்கவில்லை.

உழக்கை எடுத்த பிறகு
தட்டில் சரிந்து கிடந்தன
நாலு உளுந்து.
தராசு பூஜ்யம் காட்டியது.
அவள் பொறுக்கி
உழக்கிலேயே போட்டாள்.