சாமணம்

ஓல்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
பழைய சரக்குக் கிடங்கின் நிலவறையில்
இன்னொரு ஓல்டன் இருக்கிறது,
எண்பத்தேழில் ஒரு பங்கு.
செவ்வாய் இரவுகளில் அங்கே ரயில் விடுகிறோம்:
பதினான்கு பேர், ஒரு கோப்பிக் கேத்தல்.

சங்க விதி ஒன்பது:
மேசையைச் சுற்றி அரசியல் கதைப்பதில்லை.
எந்தச் சண்டைக்குப் பிறகு எழுதினார்களென்று
எவருக்கும் ஞாபகமில்லை.
அன்று உடைந்த எஞ்சின் மட்டும்
அலுமாரியில் கிடக்கிறது, சக்கரமில்லாமல்.

விதியைக் காப்பது செயலாளர் வேலை.
செயலாளர் நான்.
ஒருபக்கமும் சாயமாட்டான் என்று
கையுயர்த்தித் தெரிந்தார்கள்.
இந்த நாட்டில் எனக்கு வாக்கில்லை.
அதை நடுநிலை என்று வாசித்தார்கள்.

கார்த்திகைக் கடைசி ஞாயிறு வாக்கெடுப்பு.
அதற்கு ஐந்து கிழமை முன்னர்
மூன்றாம் மேடைச் சுவரில்
விரல்நகம் அளவில் ஒரு சுவரொட்டி:
வேண்டாம்.
பூதக்கண்ணாடியில்லாமல் படிக்க முடியாது.
எல்லோரும் படித்திருந்தார்கள்.

அடுத்த செவ்வாய் அதன் பக்கத்தில் ஓர் ஆம்.
பிறகு தண்ணீர்த் தொட்டியில் நான்கு ஆம்,
சரக்கு வண்டியின் வயிற்றில் ஒரு வேண்டாம்,
அது சுரங்கத்துக்குள் போய்ப் போய் வந்தது.
யாரும் ஒரு சொல் கதைக்கவில்லை.
விதி ஒன்பது மீறப்படவேயில்லை.

டொரத்தேயா என்னைக் கதவடிக்குக் கூட்டிப்போனாள்.
வீட்டில் மகனோடு இதே சண்டை,
சாப்பாட்டு மேசையை இரண்டாகப் பிரித்தாயிற்று,
நான் இங்கே வருவது
சிக்னல் விளக்குக்குக் கம்பி சுற்ற,
அதையும் எடுத்துவிடாதே என்றாள்.

கௌடென்ஸ் குரலைத் தாழ்த்தவில்லை.
துருவைத் தூரிகையால் தீட்டுகிறோம்,
கூரையில் புறா எச்சம்கூட இருக்கிறது,
வாக்கெடுப்பு மாதத்தில்
சுவரொட்டி இல்லாத ஓல்டனா?
பச்சைப் பொய்.

இரண்டு பேர் சொன்னதும் சரி.
என் தொல்லையே அதுதான்.

கேள்வி என்னவென்று நான் இன்னும் சொல்லவில்லை.
என்னைப்போல் வந்தவர்கள்
இன்னும் எத்தனை வருசம் காத்திருக்க வேண்டும்,
அவ்வளவுதான்.
பதினான்கு பேரில் பதின்மூன்று பேர்
அதை என்னிடம் சொல்ல மறந்துபோனார்கள்,
அல்லது மறக்கவில்லை.

எல்லோரும் போன பின்
சாமணத்தை எடுத்தேன்.
நான் பிறந்த ஊரில்
சுவரில் இரவு ஒட்டியதைக் காலையில் எடுக்க
சாமணம் போதாது.
எடுத்தவனைத் தேடி மோட்டார்சைக்கிள் வரும்.
இங்கே வருவது கூட்டக் குறிப்பில் ஒரு வரி.
எனக்கு இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் கை நடுங்குகிறது.

கிழிக்கவில்லை. ஒவ்வொன்றாய் உரித்து
திகதி எழுதிய நெருப்புப்பெட்டிக்குள் வைத்தேன்.
ஆம்கள் லேசாக வந்தன, மலிவுப் பசை.
முதல் வேண்டாம் மட்டும் விடவில்லை.
நுணுக்கமான எழுத்து.
புறா எச்சம் வைத்த அதே தூரிகை.

கௌடென்ஸ் வெளியே காரில் இருந்தான்.
ஒன்பது வருசமாகச் செவ்வாய்தோறும்
அவன்தான் என்னை வீட்டில் இறக்குவது.
எடுத்தாயா, என்றான்.
எடுத்தேன்.
பாலம் தாண்டும்வரை வைப்பர் மட்டும் கதைத்தது.

உனக்கு வாக்கிருந்தால்?
விதி ஒன்பது, என்றேன்.
இது மேசையில்லை, என்றான், கார்.

ஆர்பூர்க் வரைக்கும் சண்டை.
என் ஜெர்மன் இரண்டு இடத்தில் அறுந்தது,
அவன் காத்திருந்தான்,
பிறகு விட்ட இடத்திலிருந்து திட்டினான்.
வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்தாமல்
இன்னும் இருபது நிமிடம்.
இறங்கும்போது தொப்பியை விட்டுவிட்டேன்.

அடுத்த செவ்வாய்
தொப்பி என் கதிரையில் இருந்தது.
மேடைச் சுவரில், ஒட்டியிருந்த இடத்தில்
நகத்தளவு வெளுப்பு.
மேலே ஊத்தை பூசச் சொல்லி
யாரும் கேட்கவில்லை.
நானும் குறிப்பில் எழுதவில்லை.
ஏழு நாற்பத்திரண்டு வண்டி
அதைத் தாண்டி நேரத்துக்கு வந்து நின்றது.