மிச்ச எழுத்து

மார்ச் கடைசி. ஏஜாக்ஸ்.
குளிர்காலம் முழுக்க றோட்டுக்குக் கொட்டின உப்பு
காரின் இடுப்பு வரைக்கும் ஏறியிருந்தது.
கறியில் கூடினாலும் குறைஞ்சாலும் வாய் திறக்காத மனுசன்
"உப்புத் தின்னுது, கழுவிக்கொண்டு போவம்" எண்டார்.
பின்சீற்றில் பதினெட்டு முட்டை,
ஒரு கட்டு முருங்கையிலை,
மகனுக்கு ஸ்ட்ரோபெரி யோகட்.

கியரை நியூட்ரலில் விடு.
பிரேக்கிலிருந்து காலை எடு.
ஸ்டியரிங்கைத் தொடாதே.
வாசல் பலகை சொன்ன எல்லாத்துக்கும் கீழ்ப்படிஞ்சார்.
மணவறையிலும் இப்பிடித்தான் இருந்திருப்பார்
எண்டு பிறகுதான் யோசிச்சன்.

நுரை இறங்கி முன்கண்ணாடி மூடிச்சுது,
பிறகு பக்கக் கண்ணாடியள்.
ஆரும் உள்ளே பாக்கேலாது,
நாங்களும் இறங்கேலாது.
"வதனி, நான் கே" எண்டார்.

ஏதோ கேக்கப் போறார்,
மிச்ச எழுத்து தொண்டையில் நிக்குது
எண்டு நினைச்சன்.
"கேளுங்கோ."
"கேக்கேல்லை, வதனி. சொல்லிட்டன்."

தூரிகையள் ரெண்டு பக்கமும் வந்து
ஈரச்சேலையாலை அடிக்கிற மாதிரி அடிச்சுது.
"ஆர்?"
"ஒருத்தரும் இல்லை. நான்தான்."

ஒரு ஆள் இருந்திருந்தால் லேசு.
பேரைச் சொல்லித் திட்டலாம்,
அவன்ர வேலையிடத்தில் போய்க் கத்தலாம்.
இவர் தன்னைத்தானே பிடிச்சுத் தந்துவிட்டு
சீற்பெல்ற்றோடை இருந்தார்.

காத்து அடிக்கத் துளியள்
கண்ணாடியில் மேல்நோக்கி ஓடிச்சுது.
பச்சை லைற். அவர் அசையேல்லை.
பின்னால் ட்ரக்காரன் ஹோர்ன் அடிச்சான்.
"கியரைப் போடுங்கோ" எண்டன்.
எனக்கு வந்த வார்த்தை அவ்வளவுதான்.

அண்டைக்கு இரவு முட்டை அடுக்கினன்.
ரெண்டு உடைஞ்சிருந்தது.
அதுக்குத்தான் அழுதன்.

கோபம் பிறகு வந்தது, தவணைமுறையில்.
மோலைச் சுற்றி நடந்து குறைச்ச ஒன்பது கிலோவை நினைச்சு.
விலைத்துண்டு கழட்டாத இரவுச்சட்டையை நினைச்சு.
"உங்களில் ஒரு குறையும் இல்லை" எண்டு டொக்டர் சொன்ன நாள்
அவ பொய் சொல்லுறா எண்டு நம்பி
பஸ்ஸில் தலையைக் குனிஞ்சபடி வந்தன்.
பத்தொன்பது வருசம்
என்ர உடம்பிலேயே பிழை தேடியிருக்கிறன்.

லண்டனிலிருந்து மச்சாள் எடுத்தா.
"குடிக்கிறானோ?"
"இல்லை."
"கை நீட்டுறானோ?"
"இல்லை."
"பிறகென்ன?"
அந்தப் 'பிறகென்ன'வை ஒரு கிழமை
வாய்க்குள் வைச்சிருந்தன்,
துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

மகன் கேட்டது ஒண்டுதான்:
"ஹொக்கிக்கு ஆர் கூட்டிக்கொண்டு போறது?"
கதவைச் சாத்தினான்.
கேம் வெடிக்கிற சத்தம்
வழமையைவிடக் கூடக் கேட்டது.

இப்ப அவர் பிக்கறிங்கில், ஒரு பேஸ்மென்ற்றில்.
நவம்பரில் வந்து
குளிர்கால ரயர் மாத்தித் தந்தார்.
பனியில் முழங்காலில் இருந்து
ஒவ்வொரு நட்டாய் இறுக்கினார்.
தேத்தண்ணி கொடுத்தன், சீனி ரெண்டு, கை மறக்கேல்லை.
அப்பதான் கண்டன்:
தோள் ரெண்டும் கீழே இறங்கியிருந்தது.
காதுக்குக் கிட்ட ஏறி நிண்டதை
இவ்வளவு காலமும்
அவற்ற பிறவி அமைப்பு எண்டு நினைச்சிருந்தன்.
பாக்க நல்லாய்த்தான் இருந்தது.
கோப்பையைப் பறிச்சு எறியவேணும் போலவும் இருந்தது.

நேற்று நானே காரைக் கழுவக் கொண்டுபோனன்.
நியூட்ரல். கை மடியில்.
நுரை மூடினதும் நானும் ஒண்டு சொன்னன்,
சத்தமாய், ரெண்டு தரம்.
தூரிகை இரைச்சலில்
எனக்கே பாதிதான் கேட்டது.

பச்சை லைற் வந்தது.
பின்னால் ஒருத்தரும் இல்லை.
கொஞ்சம் நிண்டிட்டுத்தான் எடுத்தன்.