ஒன்பதால் வகுபடும் பிழை

செந்தூல், பதினான்காம் மாடி.
கீழே கொம்யூட்டர் ரயில் போகும்போதெல்லாம்
மேசையில் காப்பி கொஞ்சம் நடுங்கும்.
இரவு பதினொன்றரை.
இருபத்து மூன்று பேரின் கணக்கைத் திருத்துகிறேன்.

ஒரு மீ கோரெங் கடை. ஒருநாள் வரவு, செலவு.
கையில் மிஞ்சுவது எவ்வளவு?

பதினேழு ரிங்கிட் நாற்பது சென்.
பதினேழு ரிங்கிட் நாற்பது சென்.
பதினேழு ரிங்கிட் நாற்பது சென்
என்று இருபத்திரண்டு பேர்.
எனக்குச் சந்தோஷம்கூட வந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன்.
நன்றாகத்தான் நடத்துகிறேன் போல.

கடைசித் தாள் கோமளவல்லியுடையது.
செலாயாங் மருத்துவமனையில் இரவு வேலை.
விடை பதினான்கு எழுபது.
கீழே எழுதியிருந்தாள்:
"டீச்சர், எல்லாருக்கும் பதினேழு நாற்பது வருகிறதாம்.
மூன்று தடவை போட்டுவிட்டேன், எனக்கு மட்டும் வரவில்லை.
எங்கே தப்பு என்று தெரியவில்லை. மன்னிக்கவும்."

சிவப்புப் பேனா இப்போது ஒரு பொத்தான்.
அழுத்தப் போன விரல் அந்த 'மன்னிக்கவும்' மேல் நின்றது.
மின்கட்டண உறையின் முதுகில்
கையாலேயே போட்டுப் பார்த்தேன்.

பதினான்கு எழுபது.

இரண்டுக்கும் நடுவே இரண்டு எழுபது.
ஒன்பதால் வகுத்தேன். முப்பது, மீதியில்லை.
மீதியில்லை என்றால் இலக்கங்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன:
இரண்டாம் வாரம் நானே சொல்லிக் கொடுத்த சூத்திரம்.
நாலும் ஏழும் மாறி உட்கார்ந்தது
என் விடைத்தாளில்.
மூன்று பருவமாக.
எத்தனை கோமளவல்லிகளுக்குச் சுழியம் போட்டேனோ.

சரி, இந்த இருபத்திரண்டு பேர்
என் பிழைக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தார்கள்?
கணக்கு வழியாக அங்கே வர முடியாது.
போன பருவத்துப் பிள்ளை யாரோ
விடைத்தாளை விற்றிருக்கிறான்.

புகார்க் கடிதம் எழுதினேன்.
எழுதினேன், அனுப்பவில்லை.
களவு போன பொருளே என் வீட்டுத் தப்பு அல்லவா.

வியாழன் ஒன்பது மணி. இருபத்து மூன்று கறுப்புக் கட்டங்கள்.
"என் விடை தப்பு" என்றேன்.
சறுக்கிய இடத்தை வரிவரியாகப் போட்டுக் காட்டினேன்.
"கோமளவல்லி சரி. மன்னிப்பு நான்தான் கேட்கணும்."

வகுப்பறை அமைதி வேறு, இந்த அமைதி வேறு.
எல்லாரும் இருக்கிறார்களா, ஒருவருமே இல்லையா,
திரைக்குத் தெரியாது.

பிறகு ஒரு மைக் திறந்தது.
மழை, மோட்டார், யாரோ அடித்த ஹாரன்.
சாப்பாட்டுப் பையோடு ஜாலான் ஈப்போ ஓரத்தில்
புஷ்பநாதன்.
"டீச்சர், நான் கணக்கே போடல.
தெரியலன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு.
அஞ்சு ரிங்கிட் கொடுக்கறது சுலபமா இருந்துச்சு."
என் பிழைக்கு விலை அஞ்சு ரிங்கிட்.

இன்னொரு மைக், குழந்தை அழுகைக்கு நடுவே.
அப்புறம் இன்னொன்று.

அடுத்த வாரம் மீ கோரெங் கடையை மூடிவிட்டேன்.
இரண்டிரண்டு பேராகச் சேருங்கள்.
உன் வீட்டு வரவு செலவை அவர் போடட்டும், அவருடையதை நீ.
(சம்பளம் சொல்லக் கூச்சமென்றால் கற்பனைச் சம்பளம்.)
கடைசியில் எழுதணும்: எங்கே மாட்டினாய்?
யார் இழுத்துவிட்டது?
விடைக்கு மூன்று மதிப்பெண். அந்த வரிகளுக்கு ஏழு.

திருத்த நாலு மடங்கு நேரம் ஆகிறது.
ஒருவர் இன்னமும் ஏமாற்றுகிறார் என்று நினைக்கிறேன்;
அவர் மாட்டிக்கொண்ட இடம் ரொம்ப அழகாக இருக்கிறது.

புஷ்பநாதன் எழுதியது:
"டெபிட் எந்தப் பக்கம்னு மாட்டினேன்.
கோமளா வார்டு ஓய்வுல போன் போட்டுச் சொன்னாங்க.
ஆனா அவங்க பெட்ரோலை ரெண்டு தடவை கழிச்சிருந்தாங்க.
அத நான்தான் கண்டுபிடிச்சேன்."
கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில்.

விடையில் இன்னும் முப்பது சென் உதைக்கிறது.
ஒன்பதால் வகுத்துப் பார்த்தேன், வகுபடவில்லை.
வேறு ஏதோ பிழை.
ஏழுக்கு ஏழு போட்டு
அப்படியே திருப்பி அனுப்பினேன்.
அவர்களே தேடட்டும்.